ஹால் லைட்டு போச்சு, 60 சிங்கப்பூர் வெள்ளியும் போச்சு, அப்புறம்தான் அந்த அங்கிள் வந்தாரு

முதல்லயே சொல்லிடுறேன், இது ரெண்டு எலக்ட்ரீசியன் பத்தின ரிவ்யூ. ஒருத்தருக்கு 5க்கு 1, இன்னொருத்தருக்கு 5க்கு 4.5. ரெண்டு பேரோட பேரையும் போடல. முதல் ஆளு கம்பெனி பேரைப் போட்டா சண்டைக்கு வருவாங்க, ரெண்டாவது அங்கிள் "என் நம்பரை எங்கயும் போட்டுடாத கேர்ள், இப்பவே போன் நிக்க மாட்டேங்குது"ன்னு கும்பிடாத குறையா சொல்லிட்டுப் போனாரு. பேரு இல்லாம எதுக்குடி ரிவ்யூன்னு என் தங்கச்சியே கேட்டா. வர்ற ஆளுக்கு வேலை தெரியுமா தெரியாதான்னு முதல் பத்து நிமிஷத்துலயே கண்டுபிடிச்சிடலாம்னு எனக்கு இப்பதான் தெரிஞ்சுது, அதை எழுதத்தான்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஏழே கால் இருக்கும். நாங்க சிங்கப்பூர் ஈசூன்ல நாலு ரூம் எச்டிபி வீடு, அதான் அரசாங்க அடுக்குமாடி, 1988ல கட்டின ப்ளாக். சாமிக்கு விளக்கேத்திட்டு வந்து தோசைக்கல்லை அடுப்புல வச்சேன், பொட்டுனு இருட்டு. ஹால் லைட்டு, ஹால் சீலிங் ஃபேன், நடையில இருக்க லைட்டு, கிச்சன் லைட்டு, எல்லாம் ஒரே நேரத்துல. ஆனா ப்ரிட்ஜ் ஓடுது, வைஃபை பெட்டி மினுக்குது, ரூம்ல ஏர்கான் ஓடுது. சின்னவன் ரூமுக்குள்ள கேம் ஆடிக்கிட்டு இருந்தான், அவனுக்கு வீட்டுல பாதி இருட்டாப் போனதே தெரியல. மாமியார் மட்டும் சோபால உக்காந்துக்கிட்டு "யாரு லைட்டை அணைச்சது, சீரியல் நேரத்துல"ன்னு சத்தம். டிவி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, அதான் வேடிக்கை.

கதவைத் திறந்து வெளிய எட்டிப் பாத்தேன், எதிர் ப்ளாக்கு முழுக்க வெளிச்சம், பக்கத்து வீட்டுலயும் லைட்டு. சரி, கரண்ட் கம்பெனி எஸ்பி குரூப்புக்குப் போன் பண்ற விஷயம் இல்ல இது, நம்ம வீட்டுக்குள்ளதான் ஏதோன்னு புரிஞ்சுது. வாசலுக்கு மேல ஷூ ரேக் பக்கத்துல இருக்கற டிபி பாக்ஸை, அதான் வீட்டு மெயின் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து போன் டார்ச் அடிச்சுப் பாத்தா எல்லா எம்சிபியும், ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியா இருக்கற குட்டி சுவிட்சு, மேல பாத்து ஒழுங்கா நிக்குது, ஒண்ணுகூட விழல. இது எனக்குப் பெரிய குழப்பம், ஏன்னா போன வருஷம் உட்லண்ட்ஸ்ல தங்கச்சி வீட்டுல லைட்டு போனப்ப பெரிய சுவிட்சே, அதான் கரண்ட் ஒழுகினா கட் பண்ற ஆர்சிசிபி, படக்குனு கீழ விழுந்துடுச்சு, எல்லா எம்சிபியையும் கீழ தள்ளிட்டு, பெருசை மேல தூக்கிட்டு, ஒவ்வொண்ணா மேல தள்ளி எது போடும்போது மறுபடியும் விழுதுன்னு பாத்தாங்க, பாத்ரூம் லைட்டு லைன்ல மேல் வீட்டுத் தண்ணி இறங்கி இருந்துச்சு. அந்த மாதிரி விழுந்தா தேடறது சுலபம். எதுவுமே விழாம லைட்டு மட்டும் போனா எங்க தேடுறது?

எங்க வீட்டுக்காரர் துவாஸ்ல நைட் ஷிப்டு. வீடியோ கால் போட்டேன். அவரு டூல் பாக்ஸ்ல இருக்கற டெஸ்ட் பென்னை எடுக்கச் சொன்னாரு, பெரியவன் ஏணி மேல ஏறி கிச்சன் லைட்டு கவரைக் கழட்டி சிவப்பு வயர்ல வச்சான், பென் எரியுது. கறுப்பு வயர்லயும் வச்சான், அதுலயும் எரியுது! "கரண்ட் வருதே, அப்ப லைட்டுதான் போச்சு"ன்னு இவரு சொல்லிட்டாரு. நாலும் ஒரே செகண்டுல எப்படிங்க போகும்னு நான் கேட்டேன், "லைன் கட்டாகுது, சூப்பர்வைசர் வர்றாரு"ன்னு வச்சிட்டாரு. பெரியவனை ஏணியிலேர்ந்து இறங்கச் சொன்னேன். அன்னிக்கு அவனை ஏத்தினதே தப்பு, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப முதல் ரிவ்யூ. போன்ல தேடினா '24 மணி நேரம், 30 நிமிஷத்துல வருவோம், 29 வெள்ளியிலேர்ந்து'ன்னு ஒண்ணு வந்துச்சு. அந்த 'லேர்ந்து'ங்கற வார்த்தையை நான் கவனிக்கல. ஆளு எட்டரைக்கு வந்துட்டாரு, அதுக்கு மட்டும் அந்த ஒரு ஸ்டார். உள்ள வந்தாரு, டெஸ்ட் பென்னை எடுத்து அதே கிச்சன் லைட்டுல வச்சாரு, ரெண்டு வயர்லயும் எரியுது. "ஐயோ வீடு முழுக்க கரண்ட் லீக் ஆகுது, ரொம்ப டேஞ்சர்"னாரு. ஹால் ஃபேனைக் கையால சுத்திப் பாத்துட்டு "மோட்டார் எல்லாக் கரண்டையும் இழுத்துடுது"ன்னாரு. ஃபேன் கவரைக்கூடக் கழட்டல. சோபால மாமியார் பக்கத்துல உக்காந்து ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டு நீட்டினாரு, ஃபுல் ரீவயரிங் 1,850 வெள்ளி, இன்னிக்கே அட்வான்ஸ் குடுத்தா 1,600. நான் யோசிக்கணும்னேன். அதுக்கு "புது ரூல் வந்திருக்கு, பழைய வயரிங் மாத்தலைன்னா ஃபைன் போடுவாங்க"ன்னாரு.

அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்த ரூல் என்னன்னு எனக்குத் தெரியும், எங்க அம்மா வீட்டுக்கு அதுக்காகத்தான் அலைஞ்சோம். வீட்டுல ஆர்சிசிபி கட்டாயம் இருக்கணும்னு 2023 ஜூலை 1லேர்ந்து வந்துச்சு, இல்லாத வீடுங்களுக்கு 2025 ஜூலை 1 வரைக்கும் டைம் குடுத்தாங்க. 1985க்கு முன்னாடி கட்டின வீடுங்கள்ல சிலதுல அது இல்லாம இருக்கும், அம்மா வீடு அப்படித்தான். கரண்ட் எங்கயாவது வழி மாறி ஒழுகினா, 30 மில்லிஆம்ப் எட்டறதுக்குள்ள ஆர்சிசிபி கட் பண்ணிடும் (வீட்டுல வைக்கறதுக்கு அதான் கணக்கு), ஆளு உயிரோட இருப்பான். அவ்வளவுதான் ரூல், வயரிங்கை மாத்துன்னு யாரும் சொல்லல. எங்க வீட்டுல ஆர்சிசிபி முதல்லேர்ந்தே இருக்கு, அவரு உள்ள வந்த வாசலுக்கு நேர் மேலேயே இருக்கு. அதோட வீடு முழுக்க லீக்குன்னா அதுதானே முதல்ல விழுந்திருக்கணும்? கேட்டேன். "அதுவும் பழசு, வேலை செய்யாது"ன்னாரு. நான் டிபி பாக்ஸைத் திறந்து அதுல இருக்க டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், டப்புனு விழுந்துச்சு, வீடு மொத்தம் இருட்டு. உள்ள இருந்து சின்னவன் "அம்மாஆஆ"ன்னு கத்தினான், அவனுக்கு அப்பதான் விஷயம் தெரிஞ்சுது. திரும்ப மேல தூக்கிட்டு ஆளைப் பாத்தேன், அவரு டிரான்ஸ்போர்ட் அண்டு செக்கிங் 60 வெள்ளின்னு பில்லை நீட்டினாரு. குடுத்து அனுப்பிட்டேன். லைசென்ஸ் காட்டுங்கன்னு உள்ள விடும்போதே கேட்டிருக்கணும், கேக்கல, அது என் தப்பு.

ராத்திரி மாமியார் பழைய காலம் மாதிரி மெழுகுவத்தி ஏத்தி வச்சுட்டு நல்லாத்தான் இருந்தாங்க. எனக்குத்தான் தூக்கம் வரல.

காலைல பக்கத்து வீட்டு மாக்சிக், மலாய்க்கார அம்மா, நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு) பொட்டலத்தோட வந்தாங்க, முந்தின நாள் சத்தம் அவங்களுக்கும் கேட்டிருக்கும். அவங்கதான் இந்தச் சீன அங்கிள் நம்பரைக் குடுத்தாங்க, இருபது வருஷமா இந்த ஏரியால வேலை செய்றாராம், லைசென்ஸ் உள்ளவராம். நம்பர் கிடைச்ச உடனே நான் எலக்ட்ரீசியன் லைசென்ஸ் குடுக்கற எரிசக்திச் சந்தை ஆணையத்தோட வெப்சைட்ல அவர் பேரைப் போட்டுத் தேடினேன், இருந்துச்சு, எலக்ட்ரீசியன் கிரேடு. அதுல மூணு கிரேடு இருக்கு, எலக்ட்ரீசியன், டெக்னீசியன், இன்ஜினியர். எலக்ட்ரீசியன்னா 45 கேவிஏ (கரண்ட் லோடு அளவு) வரைக்கும் பாக்கலாம், நம்ம எச்டிபி வீட்டுக்கு அது தாராளம். தேட ஒரு நிமிஷம்தான் ஆகுது, முந்தின நாள் ராத்திரி அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கல.

பதினொரு மணிக்கு வர்றேன்னவரு பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் வந்தாரு, அரை ஸ்டாரு அங்க போச்சு. போன் பண்ணா எடுக்கல. வந்ததும் மாமியாரைப் பாத்து "சுடா மாக்கான்?"னு, அதான் சாப்பிட்டாச்சான்னு கேட்டாரு, அவ்வளவுதான், ரெண்டு பேரும் மலாய்ல ஆரம்பிச்சுட்டாங்க. எங்க மாமியார் செம்பவாங்ல வளந்தவங்க, மலாய் தண்ணி பட்ட பாடு. என் இங்கிலீஷை விட அவங்க மலாய்தான் அன்னிக்கு உதவுச்சு, ஏன்னா அங்கிள் பையைத் திறக்கவே இல்ல, முதல்ல கேள்வியாத்தான் கேட்டாரு.

எதெல்லாம் சேந்து போச்சு? நாலும் ஒரே நேரத்துலயா, ஒண்ணு பின்னாடி ஒண்ணா? போறதுக்கு முன்னாடி ஏதாவது கண் சிமிட்டிச்சா? சமீபத்துல யாராச்சும் புதுசா எதையாவது மாட்டினாங்களா? மாமியார் உடனே, ரெண்டு வாரமா ஃபேனைக் கூட்டி வச்சா ஹால் லைட்டு நடுங்குச்சு, நான் சொன்னேன், மருமக கேக்கல, பல்ப் பழசுன்னு சொல்லிட்டான்னு என் மானத்தை மலாய்ல வாங்கிட்டாங்க. சொன்னது உண்மைதான். ஃபேன் எப்ப மாட்டினதுன்னு கேட்டாரு. ரெண்டு வருஷம், ஆன்லைன்ல வாங்கினது, ஃப்ரீ இன்ஸ்டலேஷன். அந்த 'ஃப்ரீ'யைக் கேட்டதும் அங்கிள் சிரிச்ச சிரிப்பு இருக்கே.

அப்புறம் ஒரு காரியம் பண்ணாரு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. வாசல் லைட்டைப் போடச் சொன்னாரு, எரியுது. டிபி பாக்ஸ்ல ஹால் லைனோட 10 ஆம்ப் எம்சிபியைக் கீழ தள்ளினாரு, வாசல் லைட்டு அணைஞ்சுது. மேல தள்ளினாரு, எரிஞ்சுது. அப்ப வாசல் லைட்டும் செத்துக் கிடக்கற மத்த லைட்டும் ஒரே லைன். இந்த வீட்டுல லைன் வாசலுக்குப் போய், அங்கேர்ந்து ஹாலுக்கு, ஹால்லேர்ந்து நடைக்கு, அப்புறம் கிச்சனுக்குன்னு தோரணம் கட்டின மாதிரி தாவித் தாவிப் போகுதாம். வாசல் வரைக்கும் ஒழுங்கா வர்ற கரண்ட் ஹாலைத் தாண்டல. கடைசியா எரியற லைட்டுக்கும் முதல்ல எரியாத லைட்டுக்கும் நடுவுலதான் வியாதின்னு சொல்லிட்டு ஏணியைத் தூக்கிட்டு நேரா ஹால் ஃபேனுக்குப் போனாரு. வந்து எட்டு நிமிஷம்கூட ஆகல. ஒரு வயரையும் தொடல அதுவரைக்கும்.

டெஸ்ட் பென் ரெண்டு வயர்லயும் எரிஞ்சுதேன்னு கேட்டேன். அங்கிள் அவரோட மீட்டரை எடுத்து கிச்சன் லைட்டுல வச்சுக் காட்டினாரு. சிவப்புக்கும் பச்சைக்கும், அதாவது எர்த்துக்கும், 234 வோல்ட். சிவப்புக்கும் கறுப்புக்கும் வச்சா ஏதோ 11, 18னு ஆடுது, நிக்கல. கறுப்புதான் நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போற வழி. அந்த வழி எங்கயோ அறுந்துடுச்சு. போட்டு வச்ச சுவிட்சு வழியா வந்த கரண்ட், லைட்டுக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் வந்து, போக வழியில்லாம கறுப்பு வயர்லயே நிக்குது. அதான் ரெண்டுலயும் பென் எரியுது. கரண்ட் எங்கயும் ஓடாததால எம்சிபி விழாது, ஒழுகாததால ஆர்சிசிபியும் விழாது. லைட்டு எரியல, ஆனா ரெண்டு வயரும் ஆளைக் கொல்லும். பெரியவன் ஏணி மேல நின்னது நினைச்சு எனக்கு வயித்தைக் கலக்குச்சு. தயவுசெஞ்சு யாரும் டெஸ்ட் பென்னை மட்டும் நம்பி கவரைக் கழட்டாதீங்க. லைட்டு செத்திருக்குன்னா வயரும் செத்திருக்குன்னு அர்த்தம் இல்ல. எம்சிபியைக் கீழ தள்ளாம பல்ப் மாத்தக்கூட ஏறாதீங்க.

எம்சிபியைக் கீழ தள்ளி, தள்ளினதுமேல ஒரு டேப்பை ஒட்டிட்டு ("பாட்டி மேல தூக்கிடும்"னு சொல்லி, மாமியார் முறைச்சாங்க) சீலிங்கை ஒட்டி வயரை மூடி இருக்கற ஃபேன் கிண்ணத்தை இறக்கினாரு. கருகின வாசனை லேசா வந்துச்சு. உள்ள மூணு கறுப்பு வயர், வாசல்லேர்ந்து வர்றது, நடைக்குப் போறது, ஃபேனுக்குப் போறது. மூணையும் கையாலயே முறுக்கி கறுப்பு டேப் சுத்தி வச்சிருக்கான் அந்த ஃப்ரீ இன்ஸ்டலேஷன் ஆளு. கனெக்டர் ஒண்ணுகூட இல்ல. அங்கிள் தொட்ட உடனே டேப்பு அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. உள்ள வாசல்லேர்ந்து வர்ற வயரோட முனை கரிக்கட்டையாட்டம், முறுக்குலேர்ந்து நழுவி ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிக்குது. ரெண்டு வருஷமா ஃபேன் ஆடற ஆட்டத்துல முறுக்கு தளந்து, தளந்த இடத்துல பொறி விட்டு, சூடாகி, கடைசில வியாழக்கிழமை ஏழே காலுக்கு விட்டுப் போயிருக்கு. அந்தக் கருகின துண்டை வெட்டி என் கையில குடுத்தாரு, சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். 1,850 வெள்ளி வியாதி இதுதான்.

நல்ல செம்பு தெரியற வரைக்கும் சீவி, புது கனெக்டர் போட்டு, ஒவ்வொரு வயரையும் தனித்தனியா இழுத்துப் பாத்து, கிண்ணத்தை ஏத்தினாரு. எம்சிபி மேல. ஹால் எரிஞ்சுது, நடை எரிஞ்சுது, ஃபேன் சுத்துச்சு. கிச்சன் எரியல. எனக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு, அங்கிள் கொஞ்சம்கூட அசரல, "ரெண்டு வியாதி"ன்னாரு.

கிச்சன்ல இருக்கறது வட்டமான எல்இடி சீலிங் லைட்டு, ஆறு வருஷம் ஆச்சு. மறுபடியும் மீட்டரை வச்சாரு, இப்ப சிவப்புக்கும் கறுப்புக்கும் முழுசா 234 வருது. அப்ப இது லைட்டோட கோளாறு. உள்ள ஒரு வெள்ளை டப்பா இருக்கு, டிரைவர்னு சொல்றாங்க, 230 வோல்ட்டை எல்இடிக்குத் தேவையான மாதிரி மாத்திக் குடுக்கறது. முக்கால்வாசி எல்இடி லைட்டுல பல்ப் தட்டு நல்லாத்தான் இருக்கும், இந்த டப்பாதான் முதல்ல சாகும்னாரு. திறந்து காட்டினாரு, குட்டி டிரம் மாதிரி ஒரு கெப்பாசிட்டர் தலை உப்பி இருக்கு. நியூட்ரல் விட்டு விட்டு ஒட்டினதால செத்துச்சா, வயசாகி செத்துச்சான்னு கேட்டேன், "ரெண்டும் இருக்கும், யாருக்குத் தெரியும்"னு தோளைக் குலுக்கிட்டாரு. இந்த நேர்மைக்கே ஒரு ஸ்டாரு எக்ஸ்ட்ரா குடுக்கலாம்.

அவர் பையிலயே டிரைவர் இருந்துச்சு, ஆனா சைஸ் சரியா வராது, விக்க மாட்டேன்னுட்டாரு. பழைய டப்பா மேல இருக்க லேபிளை என்னையே படிக்கச் சொன்னாரு, அவுட்புட் 36 - 65 வோல்ட், 300 மில்லிஆம்ப். அந்த மில்லிஆம்ப் அப்படியே ஒத்துப்போகணும், அதிகமா இருக்கறதைப் போட்டா பளிச்சுன்னு எரிஞ்சு சீக்கிரம் போயிடும், வோல்ட் ரேஞ்ச் இதை மூடற மாதிரி இருந்தாப் போதும்னாரு. போட்டோ எடுத்துக்கிட்டு ப்ளாக் கீழ இருக்க ஹார்ட்வேர் கடைக்குப் போனேன், 240தான் இருந்துச்சு. பாலஸ்டியர் ரோடு லைட்டுக் கடைங்களுக்குப் போகலாம்னு நினைச்சேன், அதுக்குள்ள ரெண்டாவது ஹார்ட்வேர் கடைலயே 12 வெள்ளிக்குக் கிடைச்சுது. முழு லைட்டையும் மாத்தறவங்க அரசாங்கம் குடுத்த கிளைமேட் வவுச்சர் பாக்கி இருக்கான்னு பாத்துக்கங்க, 2024 ஏப்ரல்ல எச்டிபி வீடுங்களுக்கு 300 வெள்ளி வந்துச்சே அது, எல்இடி லைட்டுக்கும் செல்லும், எல்லாக் கடைலயும் எடுக்க மாட்டாங்க. மறுநாள் காலைல அடுத்த ப்ளாக்குக்கு வந்தப்ப அங்கிள் மேல ஏறி வந்து மாட்டிட்டுப் போனாரு.

பில்லு: முதல் நாள் 80, மறுநாள் 20, டிரைவர் நான் வாங்கினது 12. மொத்தம் 112 வெள்ளி. ரசீது கேட்டாதான் எழுதறாரு, அதுவும் கிறுக்கலா, தேதி ஒண்ணுதான் எனக்குப் புரியுது. பேநவ் (போன்ல காசு அனுப்பறது) இருக்கு ஆனா மகன் நம்பருக்கு அனுப்பணுமாம். ஏணி வச்ச இடத்துல தரையில தூசி, அதைக் கூட்டல. எனக்கு இதெல்லாம் பெரிசாத் தெரியல, நேரத்துக்கு ஆள் வரணும்னு நினைக்கறவங்களுக்குக் கடுப்பாகும், லீவு போட்டுட்டுக் காத்திருந்தா இன்னும் கடுப்பாகும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ரூம்ல இருக்கற மத்த ரெண்டு சீலிங் ஃபேனையும் கேக்காமலே கழட்டிப் பாத்தாரு, அதே ஃப்ரீ ஆளு மாட்டினதுதான். ஒண்ணுல டேப்பு, இன்னொண்ணுல கனெக்டர் இருந்துச்சு ஆனா ஸ்க்ரூ லூஸு. ரெண்டையும் சரி பண்ணிட்டு அதுக்குத் தனியா வாங்கல, மாமியார் கலக்கின காப்பி ரெண்டு கப்பு குடிச்சாரு.

இப்ப ஃபேன் ஸ்பீடு 5ல ஓடுது, ஹால் லைட்டு நடுங்கல. மாமியார் தினமும் ஒரு தடவை லைட்டையே உத்துப் பாத்துட்டு என்னைப் பாக்கறாங்க. அந்த 60 வெள்ளி கம்பெனிலேர்ந்து 'எங்க சேவை எப்படி இருந்துச்சு, 5 ஸ்டார் போட்டா அடுத்த தடவை 10 வெள்ளி தள்ளுபடி'ன்னு மெசேஜ் வந்திருக்கு. இன்னும் பதில் போடல.